ஒழுக்கம் கெட்ட வண்டி

முதல் சொட்டு நேராக என் வலது காதுக்குள் விழுந்தது. இரவு மணி இரண்டு. வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தீபகற்பத்தில், ஹோ மழைக்காட்டை ஒட்டி ஒரு முகாம். வருஷத்துக்கு ஏறக்குறைய 140 அங்குலம் மழை கொட்டுகிற காடு அது. அங்கே பாசி படியாத பொருளே கிடையாது. பத்து நிமிஷம் அசையாமல் நின்றால் நம் மேலும் படிந்துவிடும் என்று தோன்றும். அப்படிப்பட்ட இடத்துக்கு, இருபது வயதான ஒரு மோட்டார்ஹோமை, அக்டோபர் மாதத்தில், கூரையை ஒரு தடவைகூட ஏறிப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டு போனவனைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்களோ, அதையேதான் என் மனைவியும் நினைத்தாள். நீங்கள் மனசுக்குள் வைத்துக்கொள்வீர்கள். அவள் வைத்துக்கொள்ளவில்லை.

வண்டியை வாங்கியது ஆகஸ்டில். சியாட்டில் பக்கம் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வானம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருக்கும். "கூரை ஒழுகுமா?" என்று விற்றவரிடம் கேட்டேன். "இந்தக் கோடையில் ஒரு சொட்டுகூடப் பார்க்கவில்லை" என்றார். ஊரிலேயே யாரும் பார்க்கவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சியாட்டிலைவிடச் சென்னையில்தான் மழை அதிகம். சென்னைக்கு வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர். சியாட்டிலுக்குச் சுமார் 1,000. ஆனால் சென்னை மழை வரும், ரகளை பண்ணும், சுரங்கப்பாதையை நிரப்பும், போய்விடும். சியாட்டில் மழை தூரத்துச் சொந்தம் மாதிரி. அதிகம் பேசாது, அதிகம் சாப்பிடாது, ஆனால் அக்டோபரில் வந்தால் மே மாதம்வரை கிளம்பாது. கூரைக்கு எமன் இந்த ரகம்தான். நனைந்த மரத்துக்குக் காய அவகாசமே தராது.

நல்லபடி நடந்துகொள்வதற்கும் தமிழில் ஒழுகுதல்தான், கூரை சொட்டுவதற்கும் ஒழுகுதல்தான். வள்ளுவர் ஒழுக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். என் வண்டி அதை இரண்டாவது அர்த்தத்தில் மனப்பாடம் செய்திருந்தது.

நான் படுத்திருந்தது பரணில். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே நெற்றி மாதிரி துருத்திக்கொண்டு நிற்குமே, அந்தப் படுக்கை. காதுக்கு நேரே சாம்பார் பாத்திரத்தை வைத்துவிட்டு உட்கார்ந்தே விடியவைத்தேன். எவர்சில்வரில் சொட்டு விழும் சத்தத்துக்கு ஒரு தாளக்கட்டு உண்டு. ஆதி தாளம் என்று நினைத்து எண்ண ஆரம்பித்தால், எட்டாவது அடியில் காலைவாரும்.

வீட்டுக்கு வந்ததும் ஏணி போட்டு மேலே ஏறினேன். அப்போதுதான் தெரிந்தது, கூரை என்று ஒன்று தனியாகக் கிடையாது. ஓட்டைகளைச் சுற்றிக் கொஞ்சம் ரப்பர், அவ்வளவுதான். ஏ.சி.க்கு 14 அங்குலச் சதுரத்தில் ஒரு ஓட்டை. காற்றுப்போக்கிகளுக்கு அதே அளவில் இரண்டு. ஃபிரிட்ஜின் சூடு வெளியேற ஒன்று, கழிவறைக் குழாய்க்கு ஒன்று, குளிக்கிற இடத்துக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் குமிழ், டி.வி. ஆன்டெனா, ஏணியின் கால்கள். எல்லாம் தொழிற்சாலையிலேயே ஆசையாக வெட்டிக் கொடுத்தவை. நின்ற இடத்தில் நிற்கிற வீடாக இருந்தால் பரவாயில்லை. இது மணிக்கு அறுபது மைல் வேகத்தில் குலுங்கிக்கொண்டு ஓடுகிற வீடு. தினமும் ஒரு குட்டி பூகம்பம். ஆணிகள் மரை கழன்று மெல்ல எழுந்து பார்க்கும். மரம் ஒரு கணக்கில் விரியும், அலுமினியம் இன்னொரு கணக்கில். நடுவே பூசிய சீலன்ட் இரண்டு மாடுகளுக்கு நடுவில் மாட்டிய கயிறாகி, ஒரு நாள் விரிசல் விடும்.

மேலே விரித்திருந்தது இ.பி.டி.எம். என்கிற செயற்கை ரப்பர். வயதானால் அது வெள்ளையாகப் பொடி உதிர்க்கும். இறங்கி வந்தபோது கை, முழங்கால், நெற்றி எல்லாம் திருநீறு. "கோயிலுக்குப் போயிட்டு வந்தீங்களா?" என்றாள் மனைவி.

முதல் வைத்தியமாகக் கடைக்குப் போய் நாலு டியூப் சிலிகான் வாங்கி வந்து, கண்ணில் பட்ட விளிம்பிலெல்லாம் கேக்குக்கு கிரீம் வைப்பதுபோல வைத்தேன். அடுத்த மழையில் ஒழுக்கு இடம் மாறியது. அதற்கடுத்த மழையில் சிலிகான், ஆறின பால் ஏடு மாதிரி, முழு நீளத்துக்கு உரிந்து கையோடு வந்தது. அந்த ரப்பரோடு சிலிகானுக்கு ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. அதோடு விட்டாலும் பரவாயில்லை. சிலிகான் இருந்த இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது, புது சிலிகான் உட்பட. பிளாஸ்டிக் சுரண்டியை வைத்துக்கொண்டு இரண்டு சனி, ஞாயிறு மண்டிபோட்டேன். சுரண்டச் சுரண்ட, எனக்கு முன்னால் வண்டியை வைத்திருந்த யாரோ ஒருவர் பூசிய சிலிகானும் அடியிலிருந்து வந்தது. எந்த ஆகஸ்டில் விற்றாரோ, மகராசன்.

அந்த நவம்பரில்தான் மாமனார் கும்பகோணத்திலிருந்து வந்து இறங்கினார். பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறந்து வளர்ந்தது ஓட்டு வீட்டில். ஐப்பசிக்கு முன்னால் ஓடு மாற்றுவதை வருஷா வருஷம் பார்த்த கண். வந்த மறுநாள், குரங்குக் குல்லாயும் வேட்டியுமாக வண்டியை ஒரு பிரதட்சிணம் செய்தார்.

"தார் ஊத்திடலாமே, மாப்பிள்ளை?"

"கூடாது மாமா. பெட்ரோலிய வகை எது பட்டாலும் இந்த ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும்."

என் வாழ்க்கையில் மாமனாரை ஒரு தொழில்நுட்ப விஷயத்தில் திருத்தியது அன்று ஒரு தடவைதான். இன்றும் நினைத்தால் இனிக்கிறது.

"சரி, எங்க சொட்டுது?"

காட்டில் சொட்டியது காதுக்கு மேலே, வீட்டு வாசலில் பரணின் முன் மூலையில், கடைத்தெருவில் நிறுத்தியபோது இடது பக்கம் என்று பட்டியல் போட்டேன். அவர் சிரித்தார். "மூணு ஓட்டை இல்ல மாப்பிள்ளை. ஓட்டை ஒண்ணுதான். வண்டி நிக்கிற சாய்வு மூணு. சொட்டுற இடத்துல தண்ணி இறங்குது, அவ்வளவுதான். பஸ்ஸைவிட்டு இறங்குற இடத்துலயா அவன் ஏறினான்?"

அமேசானில் ஈரம் அளக்கும் கருவி ஒன்று வாங்கினேன். இரண்டு ஊசி முனை. மரத்தில் குத்தினால் எண் காட்டும். 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி, இருபதைத் தாண்டினால் கவலை. பரண் முழுக்க ஊசி போட்டுக்கொண்டே போனோம். 12, 13, 14, 19, 28. முன்பக்கம் போகப் போக ஏறியது. கருவி நெற்றியைக் காட்டியது. நான் கூரையைத்தான் பார்த்தேன். கூரை ஒழுகினால் ஓட்டை கூரையில்தானே இருக்கும்?

ஆகவே தண்ணீர்ச் சோதனை. தோட்டக் குழாயோடு நான் ஏணியில். டார்ச்சோடு மாமா உள்ளே. இதில் விதி ஒன்றுதான்: தாழ்வான இடத்தில் தொடங்கி, ஒவ்வோர் இணைப்பிலும் ஐந்து நிமிஷம் நின்று, மேலே போக வேண்டும். உச்சியிலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, குற்றவாளி கூட்டத்தோடு கலந்துவிடுவான். பின்பக்கம் முடித்து நடுப்பகுதிக்கு வந்ததும் உள்ளிருந்து குரல்: "வருது! வருது!" குழாயைப் போட்டுவிட்டு ஓடினேன். மாமா தலை முதல் கால்வரை நனைந்து நின்றார். குளியலறைக் காற்றுப்போக்கியை நான் மூட மறந்திருந்தேன்.

துவட்டிக்கொண்டே காப்பி குடித்தவர் திடீரென்று கேட்டார். "பஞ்சர் கடைக்காரன் எப்படி மாப்பிள்ளை கண்டுபிடிக்கிறான்? தண்ணிய டியூபுக்கு உள்ளயா ஊத்தறான்? காத்தை அடிச்சுத் தொட்டியில முக்கறான். முட்டை எங்க வருதோ, அங்க ஓட்டை."

வண்டியைத் தொட்டியில் முக்க முடியாது. ஆனால் உள்ளே காற்றை அடித்துவிட்டு, சோப்புத் தண்ணீரை வண்டிமேல் தெளிக்கலாம். பட்டறைகளில் இதற்கென்றே பெரிய காற்றாடி இயந்திரம் வைத்து இதையேதான் செய்கிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். கும்பகோணத்துச் சைக்கிள் கடையின் காப்புரிமையை யாரும் மதிக்கவில்லை. எங்களிடம் இலை ஊதும் மிஷின் இருந்தது. காற்றுப்போக்கி ஒன்றில் அட்டையை வெட்டிப் பொருத்தி, டேப் சுற்றி, மிஷினின் மூக்கை உள்ளே நுழைத்தோம். ஜன்னல், கதவு, அடுப்பின் புகைத்துவாரம் எல்லாவற்றையும் அடைத்தோம். மிக மெதுவாக ஓடவிட்டேன். வேகம் கூட்டினால் பிளாஸ்டிக் குமிழ் பறந்துவிடும். வண்டி லேசாக மூச்சு இழுத்துப் பிடித்த மாதிரி ஆனது.

மேலே பலகை போட்டு, அதில் தவழ்ந்து, பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்து விளிம்பு விளிம்பாகத் தெளித்தேன். ஆன்டெனா அடியில் நாலைந்து சின்ன முட்டை. அவ்வளவுதான். பக்கத்து வீட்டம்மா நாயோடு நடந்து போனவர் நின்று பார்த்தார். கூரைமேல் ஒருவன் நுரையில் குப்புறப் படுத்திருக்கிறான். கீழே வேட்டி கட்டிய பெரியவர் வாளியோடு காவல் நிற்கிறார். நாய்தான் முதலில் நகர்ந்தது.

வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை வீணாக்க மாமாவுக்கு மனசு வரவில்லை. வண்டியின் நெற்றியில் வீசிக் கொட்டினார்.

"மாப்பிள்ளை, இங்க பாலு பொங்குது!"

அமெரிக்காவில் 80 அங்குலமோ அதற்கு மேலோ அகலமான வண்டிகளுக்கு நெற்றியில் ஐந்து மஞ்சள் விளக்கு கட்டாயம். நடுவில் மூன்று, ஓரத்துக்கு ஒன்று. நடு விளக்கின் மேல் விளிம்பில் நுரை கொப்பளித்துக்கொண்டிருந்தது. மூடியைக் கழற்றினேன். பழுப்பாய் ஒரு கரண்டித் தண்ணீர் மணிக்கட்டில் வழிந்து சட்டைக்கைக்குள் போனது. அடியில் இரண்டு ஆணி. ஒன்று துருப்பிடித்துப் பல்குச்சி அளவுக்கு இளைத்திருந்தது. இன்னொன்று விரலால் தொட்டதும் வெளியே வந்தது, கூடவே ஈர மரத்தூளும். திருப்புளியை ஓட்டையில் வைத்தேன். அழுத்தவில்லை. அல்வாவில் இறங்குவதுபோல இரண்டு அங்குலம் தானாக இறங்கியது. முகாமில் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றதால், தண்ணீர் இந்த விளக்கின் ஒயரைப் பிடித்துக்கொண்டு, உள்கூரைப் பலகையின் முதுகில் நாலடி நடந்து, என் காதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

பிறகு செய்ததெல்லாம் ஆள் கூலி வேலை. பரணின் உள்பலகையைப் பிரித்தோம், இற்ற மரத்தை அறுத்து எடுத்தோம், ஈரம் உறிஞ்சும் மிஷினை இரண்டு வாரம் ஓடவிட்டோம், புது மரம் பொருத்தினோம். ஐந்து விளக்குமே புதுசு. ஒவ்வொன்றின் அடியிலும் பியூட்டைல் டேப். பார்க்கக் களிமண் சப்பாத்தி மாதிரி இருக்கும், ஆணியை முடுக்க முடுக்கப் பிதுங்கி வந்து இடுக்கையெல்லாம் அடைக்கும். சுற்றி மூன்று பக்கம் மட்டும் சீலன்ட். கீழ்ப்பக்கம் பூசக் கூடாது. தப்பித்தவறி நுழைந்த தண்ணீருக்கு வெளியேற வழி வேண்டும். இதிலும் ஒரு கூத்து. கூரைக்கென்று விற்கிற சீலன்ட் ஊத்தப்ப மாவு பதம். தட்டையான இடத்தில் தானே பரவிச் சமமாகும். செங்குத்தான இடத்துக்கு வழியாத வகை தனி. டியூபில் இருந்த எழுத்தைப் படிக்காமல் நெற்றியில் மாவைத்தான் பூசினேன். காலையில் வண்டியின் முன்கண்ணாடியில் வெள்ளையாக மூன்று தாரை. "நாமமும் போட்டாச்சு" என்றார் மாமா.

டிசம்பரில் நல்ல மழை இரவு ஒன்று பார்த்து, வாசலில் நின்ற வண்டியிலேயே இருவரும் படுத்தோம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அங்கேயே இட்லி வேகவைத்தார். கதவு, ஜன்னல் இறுக்கிச் சாத்தி, ஹீட்டர் போட்டு, நான் பரணில், அவர் கீழே. மேலே மழை சடசடவென்று அடித்தது. பாத்திரம் எதுவும் வைக்கவில்லை. இரண்டு மணிக்கு நெற்றியில் ஒரு சொட்டு.

டார்ச்சை எடுத்துக்கொண்டு எழுந்தேன். கை நடுங்கியது. மாமா பொறுமையாக ஏறி வந்து ஜன்னலின் அலுமினியச் சட்டத்தை விரலால் வழித்தார். முத்து முத்தாக ஈரம். எதிர் ஜன்னலிலும் அப்படியே. காற்றுப்போக்கியின் மூடியிலும்.

"மேல் மழை இல்ல மாப்பிள்ளை, உள்மழை. நம்ம ரெண்டு பேர் மூச்சும் பதினாறு இட்லி ஆவியும்."

"இதுக்கு என்ன மாமா பண்றது?"

மேலே கையைக் காட்டினார். சுரண்டிப் பூசி, நுரை தெளித்து, இரண்டு மாதமாக நான் அடைத்துக்கொண்டிருந்த கூரையில், கொட்டும் மழையில், காற்றுப்போக்கியின் கைப்பிடியைச் சுற்றி ஓர் அங்குலம் திறந்துவைத்தேன்.