வாடகைக்கு ஒரு ராமன்

பெங்களூருத் தொடக்கப் பள்ளிகளில் அறிவியல் அமோகமாக வளர்கிறது. பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளன்று போய்ப் பாருங்கள்: மேடை முழுக்க விஞ்ஞானிகள். ஐன்ஸ்டைனுக்குப் பஞ்சு போதும். கலாமுக்கு விக். சர் சி.வி. ராமனுக்குத் தலைப்பாகையும் கோட்டும் வாடகைக் கடையில் செட்டாகவே கிடைக்கும்.

ராமன் ஒளிச்சிதறலோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார், பாவம். நம் பிள்ளைகள் நாலே வரியில் முடிக்கிறார்கள்: "நான் ராமன். திருச்சியில் பிறந்தேன். 1930-ல் நோபல் வாங்கினேன். தேங்க்யூ மிஸ்." எதற்கு வாங்கினார் என்பதைச் சொல்வதற்குள் கைதட்டல் வந்துவிடும், அதுவும் நல்லதுதான்.

1948-ல் அவர் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் மேக்ரி சர்க்கிள் பக்கத்திலேயே இருக்கிறது. பிள்ளைகளை அங்கே கூட்டிப்போவதில் ஓர் ஆபத்து: கேள்வி கேட்கப் பழகிவிடுவார்கள்.

அப்படியும் ஒரு குட்டி ராமன் மேடையிலேயே கேட்டுவிட்டான்: "மிஸ், கடல் ஏன் நீலமா இருக்கு?" 1921-ல் கப்பல் பயணத்தில் அசல் ராமனைப் பிடித்து ஆட்டிய அதே கேள்வி. ஸ்கிரிப்டில் இல்லாததைப் பேசியதற்காக மதிப்பெண் குறைத்தார்கள். முதல் பரிசு பஞ்சு ஐன்ஸ்டைனுக்கு.

பெற்றோர்களே, அடுத்த ஆண்டுக்கு விஸ்வேஸ்வரய்யாவை இப்போதே முன்பதிவு செய்துவிடுங்கள். மனிதர் பொறியாளர்தான், ஆனால் மைசூர்த் தலைப்பாகை போட்டோவில் எடுப்பாக விழும்.