நட்சத்திரக் குறிக்குக் கீழே

கே: 'அன்லிமிடெட்' என்றுதான் ஃபைபர் இணைப்பு கொடுத்தார்கள். மாதக் கடைசியில் படம் சுற்றிச் சுற்றி நிற்கிறது. போன் போட்டால், 'எஃப்.யு.பி. முடிஞ்சிருச்சு சார்' என்கிறார்கள். யார் இந்த எஃப்.யு.பி.?
- ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மன்னார்குடி

ப: விளம்பரத்தில் 'அன்லிமிடெட்' பக்கத்தில் கொசு அளவுக்கு ஒரு நட்சத்திரக் குறி இருக்கும், ஐயா. பூதக்கண்ணாடியோடு பக்கத்தின் அடிக்குப் போனால் 'நியாயமான பயன்பாடு' என்று ஒரு வரி கிடைக்கும். அதன் சுருக்கம்தான் எஃப்.யு.பி. இப்போது பல கம்பெனிகள் அங்கே எழுதிவைத்திருக்கும் எண் 3,300 ஜி.பி. தாண்டினால் இணைப்பை வெட்ட மாட்டார்கள். 100 எம்.பி.பி.எஸ். வேகத்தை ஒன்றுக்கோ இரண்டுக்கோ இறக்கிவிடுவார்கள். இணைப்பு இருக்கிறது, படம்தான் வராது. எது நியாயம் என்பதை உங்களைக் கேட்டுத் தீர்மானிக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

கே: 3,300 ஜி.பி.யை ஒரு குடும்பத்தால் தீர்க்க முடியுமா?
- ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

ப: எச்.டி. படம் மணிக்குச் சுமார் 3 ஜி.பி. இழுக்கும். அப்படியென்றால் 1,100 மணி நேரம் பார்க்கலாம். 30 நாள் மாதத்தில் இருப்பதே 720 மணி நேரம். ஆக, ஒரே ஒரு டி.வி. வைத்துக்கொண்டு, தூங்காமல், குளிக்காமல், மின்வெட்டே இல்லாத ஊரில் உட்கார்ந்து பார்த்தாலும் தீராது.

ஆனால் விளம்பரத்தில் சொன்ன வேகத்தை நிஜமாகவே முழுக்கப் பயன்படுத்திப் பாருங்கள். 30 எம்.பி.பி.எஸ். திட்டத்தில் பத்து நாளில் காலி. 100-ல் மூன்றே நாள். 300-ல் ஒரு நாளுக்குச் சற்றுக் கூடுதல். காசு அதிகம் கட்டுகிறவருக்கு விரதம் சீக்கிரம் தொடங்கும்.

கே: எங்கள் வீட்டில் யாரும் படமே பார்ப்பதில்லை. எங்களுக்கும் தீர்ந்துபோகிறதே!
- நகைக்கடை அதிபர், கும்பகோணம்

ப: நீங்கள் பார்ப்பதில்லை, உங்களைப் பார்க்கிறார்கள். எத்தனை சி.சி.டி.வி. மாட்டியிருக்கிறீர்கள்? பல திட்டங்களில் மேலே ஏற்றுவதும் கணக்கில் சேரும். 1 எம்.பி.பி.எஸ். வேகத்தில் ஓயாமல் கிளவுடுக்கு அனுப்பும் ஒரு கேமரா மாதத்துக்கு 324 ஜி.பி. தின்னும். உங்கள் தொழிலுக்குப் பத்து கேமராவாவது இருக்கும். ஆளற்ற மாடிப்படியைப் படம் பிடித்தே லிமிட்டைத் தீர்த்திருக்கிறீர்கள்.

கே: அன்லிமிடெட் மீல்ஸ் போர்டு போட்ட மெஸ்ஸில் நாலாம் முறை சாதம் கேட்டால் முறைப்பார்களே, அதுதானே இது?
- கல்லூரி மாணவர், கோவை

ப: இல்லை தம்பி, மெஸ்காரர் முறைப்பதில் நியாயம் இருக்கிறது. சாதம் தீரும், டேட்டா தீராது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ஒரு ஃபைபர் வினாடிக்குச் சுமார் 2.5 ஜிகாபிட் தாங்கும். அதைப் பிரித்து 32 அல்லது 64 வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு அது சும்மா கிடக்கிறது. நீங்கள் இழுக்காமல் விட்டதை மறுநாளுக்கு எடுத்துவைக்க முடியாது. நெரிசல் வருவது ராத்திரி ஒன்பது மணிக்கு, எல்லா வீட்டிலும் டி.வி. ஓடும்போது.

மாத மொத்தத்துக்கு வரம்பு வைத்தால் மூன்று மணிக்காரருக்கும் ஒன்பது மணிக்காரருக்கும் ஒரே தண்டனை. எனவே 'நெரிசலைக் குறைக்கவே லிமிட்' என்று சொன்னால் நான் நம்புவதில்லை. ஒரு இணைப்பை வாங்கி நாலு வீட்டுக்கு வயர் இழுப்பவரைத் தடுக்க, அல்லது உங்களை அடுத்த பிளானுக்குத் தள்ள என்றால் நம்புவேன். அமெரிக்காவின் காம்காஸ்ட் இணைய நிறுவனம் 2008-ல் மாதம் 250 ஜி.பி. என்று கோடு கிழித்தது. பிறகு கோடு நகர்ந்து 1,000 ஜி.பி.க்குப் போனது. 2020 மார்ச்சில் ஊரே வீட்டுக்குள் அடைந்து, இணையத்தை அதுவரை இல்லாத அளவுக்கு இழுத்த சமயத்தில் அந்தக் கோட்டையே தற்காலிகமாக அழித்தார்கள். நெரிசலுக்கு மருந்தென்றால் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதா நிறுத்துவார்கள்?

கே: பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் காலத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்த ஆள் நான். என் மகன் சிரிக்கிறான்.
- வங்கி ஊழியர், திருநெல்வேலி

ப: சிரிக்கட்டும். 2005-ல் டேட்டாஒன் வந்தபோது, பகலில் கொடுத்த ஜி.பி. கணக்கைத் தாண்டினால் எம்.பி.க்கு எம்.பி. காசு. மாதம் 500 ரூபாய்த் திட்டம் வாங்கியவர்களுக்கு இரவு 2 முதல் காலை 8 வரை கணக்கே கிடையாது. 256 கே.பி.பி.எஸ். வேகத்தில் அந்த ஆறு மணி நேரமும் ஓடினால் கிடைப்பது சுமார் 690 எம்.பி., அதாவது சரியாக ஒரு சி.டி. ஒரு ராத்திரிக்கு ஒரு படம். அதுவும் நடுவில் போன் லைன் கரகரக்காமல் இருந்தால். எட்டு மணிக்கு மோடத்தை அணைக்க மறந்து பல் தேய்க்கப் போனவர்களின் கதையெல்லாம் அடுத்த மாதப் பில்லில் வரும்.

அவனிடம் இதையும் சொல்லுங்கள்: நான் பார்த்த லிமிட்டுகளிலேயே நேர்மையானது அதுதான். லைன் சும்மா இருக்கும் நேரத்தைச் சும்மா கொடுத்தார்கள்.

கே: அரசாங்கம் இதையெல்லாம் கேட்காதா?
- இல்லத்தரசி, வேலூர்

ப: கேட்டிருக்கிறது. எத்தனை ஜி.பி. வரை என்ன வேகம், அதற்குப் பின் என்ன வேகம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று 2012-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டது. லிமிட் தாண்டினாலும் வீட்டு பிராட்பேண்டை 512 கே.பி.பி.எஸ்.க்குக் கீழே இறக்கக் கூடாது என்றது 2016-ல். 2023-ல் குறைந்தது 2 எம்.பி.பி.எஸ். இருந்தால்தான் பிராட்பேண்ட் என்று அரசே இலக்கணத்தை மாற்றியது. ஆகவே உங்கள் இணைப்பு ஒன்றுக்கு இறங்கினால் அது பிராட்பேண்டே அல்ல. பில் மட்டும் பிராட்பேண்ட் பில்.

கே: லிமிட்டே வேண்டாம் என்கிறீர்களா?
- வழக்கறிஞர், மதுரை

ப: இருக்கட்டும் சார். '3,300 ஜி.பி.' என்பதை 'அன்லிமிடெட்' எழுதிய அதே சைஸில் எழுதச் சொல்லுங்கள், போதும்.

கே: மாமனார் காலை முதல் இரவு வரை யூடியூபில் பழைய பட்டிமன்றம் பார்க்கிறார். 'டேட்டா தீர்ந்துவிடும் மாமா' என்று சொல்லி நிறுத்தலாமா?
- மருமகள், திண்டுக்கல்

ப: முடியாதம்மா. பழைய பட்டிமன்றத்தின் மங்கலான வீடியோ, மாதம் பூராவும் இரவு பகலாக ஓடினாலும் 3,300-ல் ஆறில் ஒரு பங்குகூட ஆகாது. ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள்.