ஹார்வர்ட்ல படிச்சவன் சொல்றேன், கேளு தம்பி

தம்பி, நான் ஹார்வர்ட்ல படிச்சவன். அமெரிக்காவுக்குப் போயிடாத, பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியைச் சொல்றேன். அங்கேருந்து நேரா கிராணி வேலை. விடியறதுக்கு முன்னாடி பெரட்டுல நின்னு, யார் வந்தா, யார் வரலன்னு செக்ரோல்ல பேர் போட்ட கை இது. அதனால உன் உறுப்பினர் டேட்டாபேஸ் விவகாரத்துல மூக்கை நுழைக்க எனக்குப் பாத்தியதை உண்டு. கூலிம் ஹைடெக் பார்க்குல வேலை பார்த்துக்கிட்டே நம்ம கோயில் அகப்பக்கத்தையும் பார்த்துக்கிறேன்னு ஒத்துக்கிட்டியாமே? சந்தோஷம். சம்பளமில்லாத வேலைக்குக் கமிட்டி எப்பவும் நல்ல பையனாத்தான் பிடிக்கும்.

அந்த டேட்டாபேஸை மேய்க்க நீ பிரவுசர்ல திறந்து காட்டினியே, பிஎச்பிமைஅட்மின், அதை நானும் கொஞ்சம் விசாரிச்சேன். 1998-ல தோபியாஸ் ராட்ஷில்லர்னு ஒருத்தர் ஆரம்பிச்சது. 2000-ல நேரமில்லன்னு விட்டுட்டார். அடுத்த வருஷமே மூணு பேர் சேர்ந்து எடுத்து நடத்த ஆரம்பிச்சாங்க, இன்னிக்கும் இலவசமா ஓடுது. நம்ம பக்கம் தலைவருக்கு நேரமில்லன்னா வேலை மட்டும்தான் கை மாறும், நாற்காலி அவர்கிட்டயே இருக்கும்.

சாமான் நல்ல சாமான்தான். ஆனா அந்தப் பட்டன் வரிசையைப் பார்த்தியா? ஒவ்வொரு டேபிளுக்கும் பக்கத்துல பிரவுஸ், ஸ்ட்ரக்சர், சர்ச், இன்சர்ட், எம்ப்டி, டிராப். ஆளைச் சேர்க்கிற பட்டனை ஒட்டியே மொத்தத்தையும் காலி பண்ற பட்டன், அதை ஒட்டி டேபிளையே ஒழிக்கிற பட்டன். அமுக்கினா, ஒரு முழு டேபிளை அழிக்கப் போறீங்கன்னு அது பாவம் கத்தத்தான் செய்யும். நீ படிச்சிட்டா ஓகே குடுக்கப் போற? எங்க செக்ரோல்ல ஒரு பேரை அடிக்கணும்னா கோடு போட்டு, பக்கத்துல சின்னக் கையெழுத்து வைப்போம். அடிபட்ட பேரும் தெரியும், அடிச்சவன் யாருன்னும் தெரியும். துரை கேட்டா பதில் சொல்லணுமே! உன்னுதுல வரி போனா போனதுதான். அடிச்சவன் கமிட்டிக் கூட்டத்துல முதல் வரிசையில உட்கார்ந்து, எவன்டா அழிச்சான்னு சத்தமும் போடுவான்.

அவன் யாருன்னு கண்டுபிடிக்கவும் முடியாது. ஏன்னா கமிட்டி மொத்தமும் ஒரே ரூட் பேர்லதானே உள்ள நுழையுது? பாஸ்வேர்டு சாமி பேர், பின்னாடி 123. அந்த அளவுக்காவது இருக்கேன்னு சந்தோஷப்படறேன். வீட்டுக் கம்பியூட்டர்ல போடற எக்ஸாம்ப்ல ரூட்டுக்குப் பாஸ்வேர்டே இல்லாமத்தான் வரும், அதையே அப்படியே ஊருக்குத் திறந்து வச்ச புண்ணியவான்களும் உண்டு. முகவரிக்குப் பின்னால பிஎச்பிமைஅட்மின்னு போட்டா கதவு தெரியும்னு உலகத்துத் திருட்டு ரோபோக்களுக்கு எல்லாம் மனப்பாடம். ராப்பகலா தட்டிக்கிட்டே இருக்கும். ஆளுக்கொரு பேர் குடு. பார்க்க, சேர்க்க, திருத்த மட்டும் அனுமதி. டிராப் யாருக்கும் வேணாம், தலைவருக்கு முக்கியமா வேணாம்.

இப்ப உன் கைவேலைக்கு வரேன். ஐசி, அதான் அடையாள அட்டை, அந்த நம்பர் கட்டத்தை ‘இன்ட்’னு வச்சிருக்கியே, அடடா! இன்டுக்குள்ள அடங்கற பெரிய எண் 2147483647. நம்ம ஐசி 12 இலக்கம். கண்டிப்பு முறையை அணைச்சு வச்ச சர்வர்ல என்ன ஆகும்? கிட்டத்தட்ட எல்லார் ஐசியையும் அந்த ஒரே எண்ணா நறுக்கி வச்சுக்கும். கடைசி இலக்கம் ஒற்றைப்படைன்னா ஆம்பளைன்னுதானே ஐசியில கணக்கு? ஒரே ராத்திரியில மாதர் பிரிவு முழுசும் ஆம்பளை ஆயிடுச்சு. பெரிய எண் தாங்கற ‘பிக்இன்ட்’ போட்டா தப்பிச்சோம்னு நினைக்காத. 2005-ல பொறந்த புள்ளைக்கு ஐசி சைபர்லதான் ஆரம்பிக்கும், அந்த சைபரை முழுங்கிடும். கூட்டிக் கழிக்காத எண்ணை எழுத்தாத்தான் வைக்கணும், ‘வார்ச்சார்’ல. கைப்பேசி நம்பருக்கும் அதேதான்.

பேர்க் கட்டத்துக்கு 10 எழுத்து போதும்னு அளந்தது யாரு? முனியம்மாள், கண்ணுக்கு ஆறு எழுத்து. உன் மெஷினுக்கு 11. உயிர்க்குறி, புள்ளி எல்லாத்தையும் தனித்தனியா எண்ணும். அதான் கடைசிப் புள்ளி வெளிய விழுந்து, பட்டியல்ல கிழவி ‘முனியம்மாள’ன்னு நிக்கறா. உபயக்காரங்க பலகையில அப்படியே பெயின்ட் அடிச்சு வச்சா உன்னை வாழ்த்துவாளா? லத்தீன்1 வச்ச டேபிள்ல போயிருந்தா மொத்தப் பேரும் கேள்விக்குறியா மாறியிருக்கும். ‘யுடிஎஃப்8எம்பி4’ன்னு வை. தமிழும் நிக்கும், நீ போடற கும்பிடு பொம்மையும் நிக்கும்.

செத்தவங்க பேரை எடுக்கணும்னு டெலீட் கட்டளை எழுதப் போறியாம். ‘வேர்’னு நிபந்தனை போட மறந்தா உயிரோட இருக்கறவனும் சேர்ந்து போவான். அதே நிபந்தனையைப் போட்டு முதல்ல செலக்ட்ல ஓட்டு, யார் யார் வராங்கன்னு பேரைப் படி. என் பேர் இருந்தா நிறுத்து.

1025-ல நம்ம கடாரத்தை அடிச்சானே ராஜேந்திரன், அவன் அந்தச் சேதியைத் தஞ்சாவூரோட நிறுத்தலை. மெய்க்கீர்த்தியைக் கோயில் கோயிலா வெட்டி வச்சான். ஒரு சுவர் இடிஞ்சா இன்னொரு சுவர் பேசும். நீ என்னடான்னா நகலுக்குன்னு எக்ஸ்போர்ட் எடுத்து, அதே சர்வர்லயே போட்டு வச்சிருக்க! அந்தக் கோப்பைத் திரும்ப ஏத்திப் பார்த்தியா? பிஎச்பி சும்மா விட்டா 2 எம்பிக்கு மேல கோப்பை உள்ள விடாது. அந்த வரம்பை வேண்டிய நாளைக்கு முன்னாடியே ஏத்தி வை.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 709, 2013 நவம்பர்லேருந்து அமல்ல இருக்கு. அது வணிகத்துக்குத்தான், கோயிலுக்கு இல்லன்னு கமிட்டியில ஒருத்தர் சட்டம் பேசுவார். பேசட்டும். அவர் ஐசி நம்பரை நோட்டீஸ் போர்டுல ஒட்டச் சொல்லு, அப்ப என்ன சட்டம் பேசறார்னு பார்ப்போம். தோட்டம் செம்பனையாகி, வீடமைப்பாகி, லயத்து ஜனம் சுங்கைப்பட்டாணி, பினாங்குன்னு சிதறின பிறகு, எல்லார் பேரும் ஒண்ணா இருக்கிறது உன் டேபிள்ல மட்டும்தான்.

கட்டத்தை இன்னிக்கு ராத்திரியே மாத்து, ஆனா நறுக்கின ஐசி அதால திரும்பி வராது. வீடு வீடாப் போய்த்தான் கேட்டு எழுதணும். சனிக்கிழமை மோட்டார்ல வா, வழி நான் காட்டறேன். எண்ணெய்க் காசு உன்னுது, கமிட்டி தராது.