காலுக்கு எட்டாத தாளம்

எனக்குத் தாளம் நன்றாகத் தெரியும், வாயளவில். பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. பிரேசில்காரர் யாரும் இதுவரை எனக்கு ஆர்டர் தந்ததில்லை. ஆனாலும் அவர்களுடைய சம்பா இசை பற்றிக் கேட்டால் தண்ணீர்கூடக் குடிக்காமல் பேசுவேன். 1888இல் அங்கே அடிமை முறை ஒழிந்ததையொட்டிப் பாயியாவிலிருந்து பிழைப்புத் தேடி ரியோவுக்கு வந்த கறுப்பின மக்கள், தியா சியாட்டா என்ற அம்மாளின் வீட்டில் கூடிப் பாடியது, அந்தக் கூட்டத்தில் இருந்த டோங்கா 1916இல் ‘பெலோ டெலிஃபோன்’ பாட்டைத் தன் பேரில் பதிவு செய்ய, கூடிக் கட்டிய பாட்டுக்கு ஒருத்தன் எப்படிச் சொந்தக்காரன் என்று சண்டை வந்தது, எல்லாம் அத்துப்படி.

இந்த அறிவோடுதான் பெருமாநல்லூர் பக்கம் வள்ளி கும்மிப் பயிற்சிக்குப் போனேன். இப்போதெல்லாம் எங்கள் பக்கம் கோயில் நோம்பி என்றால் கும்மி அரங்கேற்றமும் உண்டு. ஆண்கள் மட்டுமே ஆடிவந்த வள்ளி கும்மியைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்த மேட்டுப்பாளையம் பத்ரப்பன் அய்யாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது வயது 87. அதில் பாதிகூட ஆகாத எனக்கு என்ன கேடு என்று நினைத்துவிட்டேன்.

வாத்தியார் ஓர் அடி பாட, கூட்டம் வாங்கிப் பாடி, கைதட்டி, வட்டமாக நகர்ந்தது. பாயியாவின் வட்டச் சம்பாவும் இதே அமைப்புதான் என்று பக்கத்தில் நின்ற அக்காவிடம் ஆரம்பித்தேன். எங்கள் கம்பெனி ஓவர்லாக் டெய்லர். ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு வந்திருந்தார்.

“ஏனுங் தம்பி, அந்தக் கதையெல்லாம் அப்பறம் சொல்லுங்க. மொதல்ல வலது காலத் தூக்குங்க.”

தூக்கினேன். அது இடது கால். குனிந்து தட்டி நிமிர்ந்து எல்லோரும் ஒரு பக்கம் திரும்ப, நான் மறுபக்கம் திரும்பி, பின்னால் வந்த பெரியவரை நெஞ்சோடு நெஞ்சாகச் சந்தித்தேன். அடுத்த சுற்றிலும் அவரையே.

அப்போதும் மண்டைக்குள் ரியோதான் ஓடியது. 1928இல் எஸ்டாசியோ பேட்டையில் இஸ்மாயெல் சில்வாவும் கூட்டாளிகளும் ‘டெய்ஷா ஃபலார்’ சம்பா குழுவைத் தொடங்கினார்கள். பழைய சம்பாத் தாளத்துக்குக் கார்னிவல் ஊர்வலத்தில் நடந்துகொண்டே ஆட முடியவில்லை என்று தாளத்தையே மாற்றினார்கள். அவர்களில் பீடே என்பவர் பெரிய வெண்ணெய் டின்னில் தோல் கட்டி சுர்டோ மேளம் செய்தார் என்பார்கள். இரண்டாவது அடி அதில் கனமாக விழும். எனக்காகத் தாளத்தை மாற்ற பெருமாநல்லூரில் யாரும் தயாராக இல்லை. வாத்தியார் என்னைக் கடைசி வரிசைக்கு மாற்றினார்; பிறகு, தண்ணீர் கேன் பக்கம்.

ஆட்டம்தான் வரவில்லை, தொழில் வருமே என்று ஆண்களுக்கெல்லாம் ஒரே மாதிரி சிவப்பு டி-ஷர்ட் என் செலவில் தருவதாக ஏற்றுக்கொண்டேன். எங்கோ கழித்துப்போட்ட துணி, மலிவாகக் கிடைத்தது. அரங்கேற்றம் பாதிகூட ஆகவில்லை. வியர்வையில் சாயம் இறங்கி அத்தனை வெள்ளை வேட்டியும் ரோஸ் கலர்.

சாயம் போகாது என்ற ரிப்போர்ட்டில் தினமும் கையெழுத்துப் போடுகிறவன் நான். அது அக்காவுக்கும் தெரியும்.

“வெளிநாட்டுக்கும் இப்படித்தான் அனுப்பறீங்களாங் தம்பி?”

நல்லவேளை, வாத்தியார் அடுத்த பாட்டை எடுத்துவிட்டார்.