கண்ணால் பேசும் மீனா

கே: சமீபத்தில் பார்த்த படங்களில் எது பிடித்தது? இரண்டே வரியில் சொல்லுங்கள்.

ப: இரண்டு வரியில் அடங்கினால் அது எனக்குப் பிடித்த படமே இல்லை! ‘கொட்டுக்காளி’ (2024). வினோத்ராஜ் இயக்கியது. பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ இரைச்சலும் சேவலும்தான் கச்சேரி. 2009-இல் பரோட்டா தின்று நம்மைச் சிரிக்க வைத்த சூரிதானா இவர்? கழுத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, கட்டிய தொண்டையோடு அவர் உறுமும்போது அடிவயிறு கலங்குகிறது. மீனாவாக வரும் அன்னா பென் கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை. வேறொருவனை விரும்பியதற்காகப் பேய் பிடித்தவள் என்று சாமியாரிடம் இழுத்துப் போகிறார்கள். அவள் பார்க்கிற பார்வையில் பேய்கள் எல்லாம் ஆட்டோவுக்கு முன்னும் பின்னும் பைக்கில் வருவது நமக்குத் தெரிந்துவிடுகிறது. வழிமறித்து நிற்கும் காளையிடம் மீசைக்காரர்கள் தோற்க, ஒரு சிறுமி வந்து ஓட்டிப் போகிறாளே, அந்த ஒரு காட்சிக்கே டிக்கெட் காசு சரியாகப் போயிற்று.

‘லப்பர் பந்து’வும் பார்த்தேன். தினேஷ் மட்டையைத் தூக்கினால் விசில் தானாக வருகிறது. ஆனால் மேன் ஆஃப் த மேட்ச் ஸ்வாசிகாவுக்குத்தான்!

கே: ‘மெய்யழகன்’ ரொம்ப நீளம் என்கிறார்களே?

ப: வெளியான பிறகு சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். இருபது வருஷத்துக்கு மேல் ஊர்ப்பக்கம் வராத அத்தானை உட்கார வைத்து ராத்திரி முழுக்கப் பேசுகிறான் ஒருவன். சொந்தக்காரன் பேசும்போது யாராவது கடிகாரத்தைப் பார்ப்பார்களா?