இடிப்பார் புகழ்மாலை

இடித்துச் சொல்ல ஆளில்லாத அரசன் கெடுவான் என்று வள்ளுவப் பெருந்தகை கவலைப்பட்டார். அந்தக் கவலை எங்கள் சீமையை எட்டவே எட்டாது. காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி என்று விரியும் இந்த வானம் பார்த்த பூமியில் மழைக்குப் பஞ்சம் வந்ததுண்டு, கண்மாய்த் தண்ணீருக்குப் பஞ்சம் வந்ததுண்டு, மாட்டுக்கு வைக்கோல் பஞ்சமும் வந்ததுண்டு. இடிப்பாருக்கு மட்டும் ஆயிரம் ஆண்டுகளில் ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. கடப்பாரையே செங்கோலாகவும், எழும்பும் புழுதியே வெண்கொற்றக் குடையாகவும், பொக்லைன் வண்டியே பட்டத்து யானையாகவும் கொண்டு வீற்றிருந்தருளும் அப்பெருமக்களுக்கு இதுவரை ஒரு மெய்க்கீர்த்தி இல்லாதிருப்பது தமிழுக்கே குறை. பொறித்து வைக்கக் கல் கிடைத்திருந்தால் முன்னோர்களே பொறித்திருப்பார்கள். கல்லைத்தான் அவர்கள் விட்டுவைக்கவில்லையே!

அவர்களது திருவிளையாடலின் முதல் அரங்கு குறண்டி. மதுரையிலிருந்து காரியாபட்டிக்கு வரும் வழியில், ஆவியூருக்குப் பக்கத்தில் இருக்கும் சிற்றூர். கல்வெட்டுகள் அதை வெண்பு நாட்டுக் குறண்டி என்று மரியாதையோடு அழைக்கின்றன. அங்கே திருக்காட்டாம்பள்ளி என்றொரு சமணப் பள்ளி இருந்தது. அந்தப் பள்ளியைச் சேர்ந்த துறவியரின் பெயர்கள் மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடிச் சமணர் மலையில், தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழே வெட்டப்பட்டிருக்கின்றன. தெற்கே கழுகுமலைப் பாறையிலும் குறண்டியார் பெயர் உண்டு. குறண்டி அட்டோபவாசி படாரரின் மாணாக்கர் என்று ஒருவர் தம்மைக் கல்லில் எழுதிக்கொள்ளும் அளவுக்கு அந்த ஊரின் பெயருக்கு மதிப்பு இருந்தது. இன்று மேல்படிப்புக்கு எங்கள் பிள்ளைகள் ஊரைவிட்டு வெளியே போகிறார்கள். அன்று எங்கள் ஊரிலிருந்து ஆசிரியர்கள் வெளியே போயிருக்கிறார்கள்.

இத்தகைய பெரும்பள்ளியை ஒரு சாதாரண மனிதனால் இல்லாமல் செய்ய முடியுமா? அதற்கு ஒரு தவவலிமை வேண்டும். எட்டு உபவாசம் இருந்த படாரரின் தவத்தையும் விஞ்சிய தவம் இடிப்பார் பெருமக்களுடையது. பள்ளி போயிற்று. அதன் கற்களில் சில, திருச்சுழியை அடுத்த பள்ளிமடத்துக் காளைநாதர் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தன. குறண்டித் திருக்காட்டாம்பள்ளித் தேவருக்கு விளக்கு எரிக்க ஆடுகள் விட்ட செய்தி, குறண்டியில் இல்லை. பள்ளிமடத்தில் துண்டுக் கல்லில் இருக்கிறது.

அந்த ஆட்டுக் கணக்கை நினைக்குந்தோறும் இடிப்பாரின் மேன்மை நெஞ்சை நிறைக்கிறது. கோயில் விளக்குக்கு விட்ட ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு என்பது கல்வெட்டு வழக்கு. கிழடு தட்டிச் செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வரும், எண்ணிக்கை குறையாது, நெய் குறையாது, சந்திரனும் சூரியனும் உள்ளவரை விளக்கு எரியும். கொடுத்த மனிதர் ஆட்டின் சாவைக் கணக்கில் எடுத்தார், மேய்ப்பவனின் சாவை எடுத்தார், தம் சாவையும் எடுத்தார். பின்னால் வரப்போகும் நம்மை மட்டும் எடுக்கத் தவறிவிட்டார். காலனும் அணைக்க முடியாத விளக்கை ஊதி அணைத்த அந்தத் திருவாய்க்கு என்ன சூட்டினால் தகும்?

பள்ளிமடமும் சாமானிய இடமன்று. சுந்தரபாண்டிய ஈசுவரம் என்று பெயர் பெற்ற பள்ளிப்படை அது. பாண்டிய மரபில் ஒருவனைப் பள்ளிப்படுத்திய இடத்தில் எழுந்த கோயில். சோழன் தலைகொண்ட வீரபாண்டியன் காலத்துக் கல்வெட்டுகள் அங்கே உண்டு. ஒரு நினைவை உடைத்து இன்னொரு நினைவுக்கு முட்டுக்கொடுக்கும் சிக்கனம் வேறு எந்த நாட்டில் உண்டு! வீட்டில் அகல் உடைந்தால் மண்ணில் போடுகிற நாங்கள், கோயில் உடைந்தால் சுவரில் வைக்கக் கற்றது அப்பெருமக்களிடம்தான்.

அருப்புக்கோட்டைக்கு அருகே கோவிலாங்குளத்தில், முதலாம் குலோத்துங்கன் காலத்தில் முக்குடையாராகிய தீர்த்தங்கரருக்குக் கோயில் எடுத்தவர்கள் கிணறு வெட்டித் தண்ணீர்ப்பந்தலும் வைத்தார்கள் என்று கல்வெட்டு சொல்கிறது. வறண்ட சீமையில் வழிப்போக்கரின் தாகத்தை நினைத்தவர்கள் அவர்கள். அந்த வழியே தண்ணீர் பாட்டிலோடு போகிறவர்களிடம் இந்தச் செய்தியைக் கேட்டுப் பாருங்கள். ஒரு முகத்தில்கூட ஒரு சுருக்கம் விழாது. இவ்வளவு முழுமையான மறதியை ஒரு தலைமுறையில் வளர்த்துவிட முடியாது. பரம்பரை பரம்பரையாகப் பயிர் செய்திருக்கிறோம். கம்பும் சோளமும் பொய்த்த ஆண்டுகளிலும் இந்தப் பயிர் பொய்த்ததில்லை.

கடப்பாரை தூக்க உடல்வலு இல்லாத அடியார்களும் உண்டு. அவர்களின் தொண்டினையும் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். எழுத்துள்ள கல்லைக் கண்மாய்க் கரையில் துவைகல்லாக்கி, நூறு ஆண்டு வேட்டி அடித்து, எழுத்தைச் சோப்பு நுரையோடு மடைக்குள் அனுப்பியவர்கள் அவர்கள். கும்பாபிஷேகம் நெருங்கினால் இவர்களது கைங்கரியத்தைக் காண ஆயிரம் கண் வேண்டும். அதிட்டானத்துக் கல்வெட்டின் மேல் பளபளக்கும் டைல்ஸ். சிற்பத்தின் கண்ணிமைக்கு எனாமல் பெயின்ட். அழுக்கு போக வேண்டும் என்று விசைக்குழாயால் மணலைப் பாய்ச்சும்போது, அழுக்கோடு சேர்ந்து ராஜராஜன் காலத்து உளித்தடமும் உதிர்கிறது. ஆயிரம் ஆண்டு வெயிலும் மழையும் தின்ன முடியாமல் விட்டுச்சென்ற எழுத்தை ஒரு பிற்பகலில் தீர்த்துவிட்டு, மாலை டீ குடிக்கப் போகும் அந்த வேகம் இயற்கைக்கே வாய்க்காதது.

ஒரு தோல்வியையும் ஒப்புக்கொள்ள வேண்டும். திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று வேங்கடராமன் என்ற குழந்தை பிறந்த வீடு இன்னும் நிற்கிறது. அந்தக் குழந்தை பின்னாளில் ரமண மகரிஷி ஆனது. வீடு சுந்தர மந்திரம் என்ற பெயரோடு ரமணாசிரமத்தின் பராமரிப்பில் இருக்கிறது. உடம்பு நான் அல்ல என்று உபதேசித்தவரின் வீட்டுக்குக்கூட உடம்பு தங்கிவிட்டது. இடிப்பார் குலத்துக்கு இது ஒரு களங்கம். எப்படியோ கண் தவறிவிட்டார்கள்.

எங்கள் சீமையில் பயின்ற கலை மதுரையில் அரங்கேறிய விதம் இன்னும் பெரிது. காரியாபட்டிப் பேருந்து மதுரைக்குள் நுழையும்போது நடத்துநர் “தெற்குவாசல் இறங்கு” என்பார். இறங்கிப் பார்த்தால் வாசல் இருக்காது. கீழவாசலுக்குப் போனாலும் வாசல் இருக்காது. வெளிவீதிகள் நான்கும் இருக்கும். எதற்கு வெளியே என்று சொல்லக் கோட்டை இருக்காது. பொருளை ஒழித்துவிட்டுப் பெயரை மட்டும் பத்திரப்படுத்தும் இந்த நுட்பத்தை வேதாந்திகளும் வியக்க வேண்டும்.

அந்தக் கோட்டையே பழைய பாண்டியர் கோட்டையை அகற்றிவிட்டு விசுவநாத நாயக்கர் எழுப்பியது. 72 கொத்தளங்கள், கொத்தளத்துக்கு ஒரு பாளையக்காரர் பொறுப்பு. பிறகு திருமலை நாயக்கர் 1636-இல் அரண்மனை கட்டினார். கட்டியவர் தாத்தா, பிரித்தவர் பேரன். சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது தாத்தாவின் அரண்மனையிலிருந்து வேண்டியதைப் பெயர்த்து எடுத்துப்போனார். பிதுரார்ஜிதத்தைப் பேரன் அனுபவிக்க வேண்டும் என்று தர்மசாஸ்திரம் சொல்வதை இவ்வளவு எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தவர் வேறில்லை. மிச்சத்தை 1866-க்கும் 1872-க்கும் இடையில் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்த்துவிட்டார். அன்னியர், நம் மரபு தெரியாதவர், மன்னித்துவிடலாம்.

ஆனால் எல்லா அன்னியரும் அப்படி அல்லர். கலெக்டர் பிளாக்பர்ன் துரையவர்களின் திருநாமத்தை எழுதும்போதே எழுதுகோல் தலைவணங்குகிறது. ஊர் நெரிசலாகிவிட்டது, காற்று வரவில்லை, அகழியில் நோய் என்று கண்ட துரை, 1837 வாக்கில் கோட்டையை எடுத்துவிடத் திருவுளம் கொண்டார். ஆயினும் தாமே இடித்துப் புகழைத் தாமே வைத்துக்கொள்ளும் சுயநலம் அவரிடம் இல்லை. சுவரை இடித்து அகழியைத் தூர்த்துச் சமப்படுத்துகிறவருக்கு அந்த மனை என்று அறிவித்தார். கோட்டையை முற்றுகையிட்ட படைகள் வரலாற்றில் உண்டு. கோட்டைக்குள் குடியிருந்தவர்களையே முற்றுகைப் படையாக்கி, வீட்டுமனையைக் கொள்ளைப்பங்காகக் கொடுத்த சேனாபதி அவர் ஒருவர்தான். வேலையை நடத்திய நில அளவையாளர் மாரட், மேஸ்திரி பெருமாள். அவ்விருவர் பெயரையும் கோட்டை இருந்த தடத்தில் வீதிகளாக மதுரை சூடிக்கொண்டது. கட்டிய கொத்தனார் ஒருவரின் பெயர் நமக்குத் தெரியுமா? கல் சுமந்த சிற்றாள் ஒருத்தியின் பெயர்? இடித்த மேஸ்திரியின் பெயரை இன்றும் ஆட்டோக்காரர் முதல் ஜவுளி வாங்க வரும் மணப்பெண் வரை உச்சரிக்கிறார்கள்.

துரையவர்களுக்கு நன்றி மறவாத மதுரை மக்கள் ஒரு விளக்குத்தூண் நாட்டினார்கள். விளக்குத்தூண் என்றால் இன்று கடைத்தெரு, காவல் நிலையம், வழி சொல்லும் அடையாளம். குறண்டியில் தேவருக்குச் சாவாத ஆடுகள் விட்டு ஏற்றிய விளக்கு இல்லை. கோட்டையை எடுத்தவருக்கு நட்ட விளக்குக் கம்பம் ஊரின் நடுவில் நிற்கிறது. எதற்கு விளக்கு வைப்பது என்பதில் எங்களுக்கு இருக்கும் தெளிவுக்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதன் அருகிலேயே, துணிக்கடைச் சந்துக்குள், அரண்மனையின் ரங்கவிலாசத்தில் மிஞ்சிய பத்துத் தூண்கள் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் கூரையில்லாமல் நிற்கின்றன. தாங்குவதற்கு எதுவும் இல்லாமல் தாங்கிக்கொண்டிருக்கும் பொறுமையை அவற்றுக்குக் கற்றுக்கொடுத்தவர்களும் இடிப்பார்தான்.

கண்ணகி மதுரையை எரித்தாள் என்பார்கள். அவளுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. சபைக்குப் போனாள், சிலம்பைக் காட்டினாள், நீதி கேட்டாள். காரணம் தேடிக் கால் நோக நடக்கும் சிறுமை இடிப்பார் பெருமக்களுக்கு இல்லை. மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் 1952-இல் ‘பராசக்தி’ படத்தோடு திறந்த தங்கம் தியேட்டரைப் பாருங்கள். 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகள். ஆசியாவிலேயே பெரியது என்று ஊர் மார்தட்டியது. தீபாவளிக்குக் காரியாபட்டியிலிருந்தும் திருச்சுழியிலிருந்தும் கட்டுச்சோறோடு போய்ப் பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தியேட்டர் இல்லை, அங்கே துணிக்கடை. பெருமாள் மேஸ்திரியின் பெயர் தாங்கிய வீதி அவர் தொழிலைக் கைவிடவில்லை. குலதர்மம் என்பது மனிதருக்கு மட்டுமா, தெருவுக்கும் உண்டு.

இந்தக் கலையில் அமெரிக்கர்களும் ஒருகாலத்தில் நம்பிக்கை அளித்தார்கள். நியூயார்க்கில் 1910-இல் திறந்த பென்சில்வேனியா ரயில் நிலையம், 84 கிரானைட் தூண்கள் கொண்ட மாளிகை. 1963-இல் அதை இடிக்கத் தொடங்கி, அந்தக் கல்லை நியூஜெர்சியின் சதுப்பு நிலத்தில் கொட்டினார்கள். மேலே 1968-இல் மேடிசன் ஸ்கொயர் கார்டன் என்ற விளையாட்டரங்கம் வந்தது. மேடிசன் சதுக்கத்தில் இல்லாத மேடிசன் ஸ்கொயர்! எங்கள் வாசல் இல்லாத தெற்குவாசலுக்கு இவ்வளவு நெருங்கிய உறவு கடல் கடந்து இருப்பதை நினைத்தால் மெய் சிலிர்க்கிறது. ஆனால் பாவம், ஒரே ஒரு நிலையத்தை இடித்ததற்கே அவர்கள் மனம் கலங்கிவிட்டார்கள். பத்திரிகையில் அழுதார்கள், தெருவில் பதாகை பிடித்தார்கள், 1965-இல் அடையாளச் சின்னங்களைக் காக்கச் சட்டமே போட்டுவிட்டார்கள்.

நாமும் சட்டம் போடாமல் இல்லை. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறியது. 2024-இல் நடைமுறைக்கு வந்தது. நடுவில் பன்னிரண்டு ஆண்டுகள். குறிஞ்சி ஒருமுறை பூக்க எடுத்துக்கொள்ளும் காலம். இடிப்பாருக்குப் போதிய அவகாசம் தராமல் சட்டத்தை அவசரப்பட்டு எழுப்பிவிட்டால் அது விருந்தோம்பல் ஆகுமா?

ஆகையால், இடிப்பார் பெருமக்களே, பணி இன்னும் முடியவில்லை என்பதைப் பணிவோடு நினைவூட்டுகிறேன். பள்ளிமடத்துச் சுவரில் குறண்டியின் எழுத்து இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. வழி எளிது. காரியாபட்டியிலிருந்து திருச்சுழிக்கு வாருங்கள். பள்ளிமடம் பக்கம்தான், குண்டாற்றங்கரை. பகலில் வந்தால் வெளிச்சம் நன்றாக விழும், எழுத்தைக் கூட்டிப் படிக்கலாம். படிக்க விரும்புகிற மற்றவர்களுக்கும் அதே வழிதான். அவர்கள் சற்று முந்திக்கொண்டு வரட்டும்.