வந்தபின் பார்த்துக்கொள்வோம்

செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் 100 ஏக்கரில் ஒரு தடுப்பூசி வளாகம் இருக்கிறது. ஒன்றிய அரசு நிறுவனமான எச்.எல்.எல். பயோடெக், பல நூறு கோடி செலவில் கட்டியது. 2021இல் நாடே ஊசிக்கு வரிசையில் நின்றபோது அங்கே உற்பத்தி நடக்கவில்லை. மே மாதம் முதல்வர் ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்தார். கட்டடம் மட்டும் எந்த நோயும் அண்டாமல் நன்றாக இருந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்தது. நல்ல திட்டம், மறுக்கவில்லை, 2024இல் ஐ.நா. விருதும் பெற்றது. பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. நடைப்பயிற்சிதான் இன்னும் வரமாட்டேன் என்கிறது; நாம்தான் தேடிப் போக வேண்டுமாம்!

சரி, அரசை விடுவோம். நம்ம படூருக்கு வருவோம். பக்கத்துக் கேளம்பாக்கத்தில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே உண்டு, காய்ச்சலுக்குப் பயமில்லை. லாரித் தண்ணீர் பிடித்துவைத்த டிரம்முக்குத்தான் மூடி இல்லை. டெங்கு பரப்பும் ஏடிஸ், சாக்கடையை நாடுகிற ரகம் அல்ல. நாம் காசு கொடுத்து வாங்கிய நல்ல தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். முட்டையிட்டால் பத்து நாளுக்குள் புதுக் கொசு. மூடி வாங்கக் கணக்குப் பார்த்த மனுஷர், பிறகு காலையும் மாலையும் பிளேட்லெட் கணக்குப் பார்ப்பார்.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சார். முட்டை டிரம்மின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வாரம் ஒருமுறை நார் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.